குமிழி நிற்கும் வரை

இது நான் பார்த்ததல்ல. விடுதியில் என் அறையில் இருந்த மௌனிகா சொன்னாள். அவளுக்குச் சொன்னவர் அவள் அப்பா காளியப்பன், கார் டிரைவர். அவரும் ஒரே மூச்சில் சொல்லவில்லை, இரண்டு வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருக்கிறார். மேட்டுப்பாளையத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் முதலாளியின் காருக்குள் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார், வெளியே நடந்தது அவ்வளவுதான். அந்த நாற்பது நிமிடமும் அவர் தலைக்குள் ஓடியதெல்லாம் எனக்குத் தெரியும் என்பது போல எழுதியிருக்கிறேன். தெரியாது. பேசிய பேச்சுகளை மட்டும் அவள் சொன்னபடி வைத்திருக்கிறேன்.

வலது கால் ஆக்ஸிலேட்டரின் மேல் இருந்தது. அழுத்தவும் கூடாது, விடவும் கூடாது, முள் இரண்டாயிரத்தில் அப்படியே நிற்க வேண்டும். “நாஞ் சொல்ற வரைக்கும் கால எடுக்காதீங்ண்ணா” என்று சொல்லிவிட்டு மெக்கானிக் பெனடிக்ட் தூக்கிய பானெட்டுக்குப் பின்னால் மறைந்துபோனான். காளியப்பன் இப்போது டிரைவர் இல்லை, பெடலுக்கு மேல் வைத்த ஒரு கல். முன்சக்கரங்கள் இரண்டும் பலகை மேல் ஏறியிருந்தன, அதனால் சீட்டில் மல்லாந்த மாதிரி சாய்ந்திருந்தார், எதிரே பானெட்டின் வெள்ளைத் தகரம், அதற்கு மேல் வேப்பமரக் கிளை. ரேடியேட்டரின் வாய் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்க வேண்டுமாம், அப்போதுதான் உள்ளே சிக்கிய காற்று மேலே ஏறி வருமாம். அந்த வாயில் பெனடிக்ட் அடி வெட்டிய தண்ணீர் பாட்டில் ஒன்றைத் தலைகீழாகச் செருகிப் பாதி வரை பச்சைக் கூலண்ட் ஊற்றி வைத்திருந்தான். அதில் குமிழி வரும். வந்து வந்து நிற்க வேண்டும். நின்றால் அது சிக்கிய காற்று, போயிற்று, நல்லது. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அது காற்றே இல்லை, எஞ்சினுக்குள் எரிகிற புகை தண்ணீருக்குள் வழி கண்டுபிடித்துவிட்டது, எஞ்சினின் தலைக்கு அடியில் அடைத்திருக்கிற கேஸ்கட் போய்விட்டது. காளியப்பனுக்குப் பாட்டில் தெரியவில்லை. பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு விரல் அகலச் சந்து, அதில் பெனடிக்ட்டின் மணிக்கட்டு மட்டும் வந்து வந்து போனது, ஹோஸைப் பிடித்துப் பிசைகிற மணிக்கட்டு, மாட்டு மடியைப் பிசைகிற மாதிரி. குமிழி வருகிறதா என்பதை அவன் வாய் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். “வருது” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “இன்னும் வருதுங்ண்ணா.” இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம்? வண்டிக் கடிகாரம் பதினொன்று இருபது. போன முறை பார்த்தபோதும் பதினொன்று இருபதுதான்.

ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி வைத்திருந்தான், காற்று நாலாம் நம்பரில். மார்ச் மாதம், மேட்டுப்பாளையம், உச்சி வெயிலுக்கு இன்னும் கொஞ்ச நேரம். இந்த ஊரில் ஹீட்டரை யார் தொடுவார்கள், பதினொரு வருடத்தில் அந்தத் திருகை அவர் துடைத்திருக்கிறாரே தவிரத் திருப்பியதில்லை. நெருப்பாக அடிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். ஆனால் முகத்தில் அடித்தது வெறுங்காற்று. வெளியே இருக்கிற காற்றேதான், சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை, ஆனால் வியர்த்த கழுத்தில் பட்டபோது சுகமாக இருந்தது. சுகமாக இருப்பதுதான் கெட்டது. “சூடு வருதாங்ண்ணா?” “இல்லப்பா, சும்மா காத்துதான்.” “அப்ப இன்னும் உள்ள காத்து நிக்குது. சுடுதண்ணி ஹீட்டருக்கு வர மாட்டீங்குது. எஞ்சின் அங்க வேகுது, உங்களுக்கு இங்க ஜில்லுன்னு இருக்குது.” எஞ்சின் அங்க வேகுது. அந்தப் பக்கம் சூட்டு முள் பாதியைத் தாண்டி ஒரு மயிரிழை நின்றது. மயிரிழையா, இல்லை, சாய்ந்து உட்கார்ந்திருப்பதால் அப்படித் தெரிகிறதா. தலையை இடது பக்கம் சாய்த்தால் பாதியில் இருந்தது, வலது பக்கம் சாய்த்தால் தாண்டியிருந்தது. இடது பக்கமே சாய்ந்திருந்தார். காற்று கழுத்துக்குள் இறங்கியது, சட்டைக் காலரில் ஓர் இடம் மட்டும் பிசுபிசுவென்று ஒட்டியது. குழந்தையின் எச்சில். காலையிலிருந்து பின் சீட்டில் முதலாளியின் மருமகள் மடியில் எட்டு மாதக் குழந்தை, கல்லாறு தாண்டி மலை ஏறுகிற வரைக்கும் காலரைப் பிடித்து இழுத்துச் சப்பிக்கொண்டே வந்தது, யாரும் கையை எடுத்துவிடவில்லை, டிரைவர் சட்டைதானே. அவரும் தலையை அசைக்காமல் ஓட்டினார். இன்னும் காயவில்லை.

“எத்தன நாளா தண்ணி கொறையுதுங்ண்ணா?” மலையிலிருந்து இறக்கி, வண்டியைத் தள்ளாத குறையாக உள்ளே கொண்டுவந்து நிறுத்தியதும் பெனடிக்ட் கேட்ட முதல் கேள்வி அது. பக்கத்தில் முதலாளி சார் நின்றிருந்தார். “இன்னைக்குத்தாங்க” என்று காளியப்பனின் வாய் சொன்னது. வாய்தான் சொன்னது, அவர் சொல்லவில்லை, யோசிக்க நேரமே கொடுக்கவில்லை வாய். பெனடிக்ட் ஒரு நொடி அவரைப் பார்த்தான். அந்த ஒரு நொடி இப்போது பெடலின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவனுக்குத் தெரியும். தெரியாது, எப்படித் தெரியும். ரேடியேட்டரில் மிச்சமிருந்த தண்ணீரை விரலில் தொட்டுப் பார்த்தான், முகர்ந்தான், “கூலண்ட் வாசமே இல்லீங்களே, வெறுந் தண்ணியா இருக்குது” என்றான், அதற்கு சார், “அதெல்லாம் இவன் தெனமும் பாப்பான்” என்றார். தினமும் பார்ப்பான். பார்க்கத்தான் பார்த்தார். விடிந்ததும் பானெட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, விரலை விட்டு, மூடியை மூடி. லாரியில் கிளீனராக இருந்த காலத்தில் வந்த பழக்கம், பல் தேய்க்காமல்கூட இருந்ததுண்டு, தண்ணி பார்க்காமல் வண்டியை எடுத்ததில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் சார் சொல்லுவார், “எங்க டிரைவரு காலைல சாமி கும்புடறானோ இல்லியோ, தண்ணி பாத்துருவான்.” பதினொரு வருடத்தில் அந்த வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை. மார்கழி பிறந்த புதிதில் ஒருநாள் விரலுக்குத் தண்ணீர் எட்டவில்லை. அரை டம்ளர் ஊற்றினார். மறுநாள் எட்டியது, அதற்கு மறுநாள் எட்டவில்லை. தையில் ஒரு டம்ளர். அப்புறம் சொம்பு. மாசியில் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றைக் கார்ஷெட்டில் பழைய டயருக்குள் ஒளித்து வைக்கிற அளவுக்கு ஆகிவிட்டது. எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தார், தரையில் சொட்டு இல்லை, ஹோஸில் ஈரம் இல்லை, கூலண்டாக இருந்தால் காய்ந்த இடத்தில் பச்சைத் தடமாவது இருக்கும், இவர்தான் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பச்சையைக் கழுவிவிட்டாரே, தண்ணீருக்கு ஏது தடம். தினமும் பார்த்தார். தினமும் ஊற்றினார். யாருக்கும் தெரியாமல் ஒழுகியது, யாருக்கும் தெரியாமல் நிறைந்தது. வண்டி நன்றாகத்தான் ஓடியது. நன்றாக ஓடுகிற வண்டியைப் பற்றி வாயைத் திறந்து என்ன சொல்வது?

சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது. இரண்டு வருடம் முன்னால் கிளட்ச் நழுவுகிறது என்று சொன்னார். நல்லபடியாகத்தான் சொன்னார், வாசலில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு. சோபாவில் விருந்தாளிகள் இருந்தார்கள். “நழுவுதா? நீ அதும் மேல கால வெச்சுட்டே தூங்குனா நழுவாம என்ன பண்ணும்?” எல்லோரும் சிரித்தார்கள். காபி கொடுத்துக்கொண்டிருந்த தனமும் அங்கேயே நின்றிருந்தாள், காளியப்பனின் பெண்டாட்டி, தட்டைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கவும் முடியாமல் போகவும் முடியாமல். அப்புறம் மூன்று நாள் சாரின் மகன் வண்டியை ஓட்டினான், காளியப்பன் கேட்டோரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், வண்டி வெளியே போகும்போது எழுந்து கேட்டைத் திறந்தார், உள்ளே வரும்போது எழுந்து கேட்டைத் திறந்தார். அந்த வீட்டில் ஒரு குறையைச் சொன்னவன்தான் அந்தக் குறையைச் செய்தவன். அன்றைக்கே புரிந்துவிட்டது. புரிந்த பிறகு யார் சொல்லுவார்கள். “முள்ளு எங்க நிக்குதுங்ண்ணா?” “பாதில.” தலையை இடது பக்கம் சாய்த்துக்கொண்டே சொன்னார்.

டீக்கடைப் பக்கமிருந்து சாரின் குரல் வந்தது. பெண்கள் அங்கே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். அவர் மட்டும் வெயிலில் அங்கும் இங்கும் நடந்துகொண்டு போனில் குன்னூருக்குப் பேசிக்கொண்டிருந்தார், மருமகளின் தம்பிக்கு இன்றைக்கு நிச்சயதார்த்தம், இரண்டு மணிக்குத் தட்டு மாற்ற வேண்டும். “இல்லீங்க சம்பந்தி, வந்துருவோம். தண்ணி பாக்கற டிரைவருன்னு ஒருத்தன வெச்சிருக்கறேன், அவந்தான் தண்ணியில்லாம மலையில கொண்டு போயி நிறுத்தீட்டான்.” சிரித்தார். அந்தப் பக்கமும் சிரித்திருப்பார்கள். காளியப்பனின் கால் ஒரு அழுத்து அழுத்திவிட்டது, எஞ்சின் உறுமியது. “அண்ணா! மெதுவா!” பாட்டிலிலிருந்து கூலண்ட் சிந்தியிருக்க வேண்டும், சூடான தகரத்தில் சொய்யென்று சத்தம் கேட்டது. “என்றா அவன் வெளையாடறான்?” என்று சார் கத்தினார். இந்தக் காலை அப்படியே தரை வரைக்கும் அழுத்தினால் என்ன. அழுத்தி, முள்ளைச் சிவப்புக்கு ஏற்றி, இந்த எஞ்சினை இங்கேயே, இந்தப் பலகை மேலேயே இறுக்கிவிட்டால். கால் கட்டைவிரல் துடித்தது. அந்த எண்ணம் வந்ததே ஒரு சுகமாக இருந்தது, கழுத்தில் அடிக்கிற வெறுங்காற்றைப் போல. பிறகு அது போய்விட்டது. அதற்குப் பின்னால் கார்ஷெட்டின் பின்பக்க அறை வந்தது.

அந்த அறை வரும் என்று தெரியும். எந்தப் பக்கம் நினைத்தாலும் கடைசியில் அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு ஜன்னல், மோட்டார் பம்பு வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் துணி விரித்து மௌனிகாவின் மேசை. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். திங்கட்கிழமை பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை தொடங்குகிறது, முதல் நாள் தமிழ். இன்றைக்கு வெள்ளி. வெள்ளி, சனி, ஞாயிறு. அறை சாருடையது, அறையில் எரிகிற கரண்டும் அவருடையது, தனத்தின் வேலையும் அங்கேதான். ஒரு வார்த்தை சொன்னால் மூன்றும் போகும். பெட்டி மட்டும் நம்முடையதா? அதுவும் சார் கொடுத்ததுதான், “தூக்கிப் போடறதுக்கு இவன் புள்ள படிச்சுக்கட்டும்.” மூன்று நாள். மூன்று மாதம் ஊற்றியவனுக்கு இன்னும் மூன்று நாள் ஊற்ற முடியாதா. அப்படியே பரீட்சை முடிகிற வரைகூட ஊற்றலாமே. குன்னூர் போய்த் திரும்பிவிட்டால் போதும். கூலண்ட் புதிதாக ஊற்றியாகிவிட்டது, காற்று வெளியே போகிறது, மேலே போகும்போது மெதுவாகப் போகலாம், வழியில் பர்லியாரில் ஒரு முறை நிறுத்திப் பார்க்கலாம். நிறுத்தவா விடுவார் சார். காலையிலே முள் ஏறினதை முதல் கொண்டை ஊசி வளைவிலேயே காளியப்பன் பார்த்துவிட்டார். பார்த்தார். ஏசியை அணைத்தால் கொஞ்சம் இறங்கும். கையைக் கொண்டு போனார். “ஏசியத் தொடாத, குழந்த இருக்குது” என்றார் சார். கையை எடுத்துக்கொண்டார். நிறுத்தட்டுங்களா சார் என்று கேட்க வாய் திறந்தது, கேட்கவில்லை, இரண்டாம் வளைவு, மூன்றாம் வளைவு, முள் சிவப்பில் ஒட்டிக்கொண்டது, அவர் ரோட்டைப் பார்த்தார், முள்ளைப் பார்க்கவில்லை, பார்க்காவிட்டால் இல்லை என்று ஆகிவிடும் போல. பானெட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆவி கிளம்பியபோது பின்னால் மருமகள் “மாமா, புகை!” என்று அலறினாள், அந்த நேரத்திலும் குழந்தை காலரை விடவில்லை. எதிரே டீசல் லாரி ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. இடது பக்கம் சுவர் உயரத்துக்குப் பாறை. வலது பக்கம் ஒன்றும் இல்லை.

“சூடு?” “இல்லப்பா.” “கொஞ்சம்கூடவா?” கையை ஓட்டையின் முன்னால் நீட்டிப் பார்த்தார். “இல்ல.” சார் வண்டிக்குப் பக்கத்தில் வந்துவிட்டார், செண்ட் வாசனையும் வியர்வையும். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார், காளியப்பனைப் பார்க்கவில்லை, சீட்டைப் பார்த்தார், சீட்டில் வியர்வை பட்டிருக்கும். “ஏப்பா, இன்னும் எவ்வளவு நேரம் இத வேடிக்க பாத்துட்டு நிக்கறது? மூடிய மூடி அனுப்பு.” பெனடிக்ட் நிமிரவில்லை. “காத்துங் சார் இது. நாம அவசரப்பட்டா அது அவசரப்படாதுங். விருந்துக்கு வந்த ஒறம்பரையாட்டம், போறேன் போறேன்னு சொல்லீட்டே வாசல்ல நின்னு இன்னும் ரெண்டு வார்த்த பேசிட்டுத்தான் போகும்.” “நீ ரொம்பப் பேசற.” “எஞ்சின் ஓடறப்ப சத்தமாத்தானுங் பேச முடியும்.” காளியப்பனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பெனடிக்ட் மேல் ஒரு பொறாமையும் வந்தது, சொந்தக் கூரை, சொந்த ஸ்பேனர், எவனுக்கும் எதிரே நின்று பேசலாம். அவனுக்கு என்ன தெரியும். அவன் கண் இந்த மூடியை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. கழற்றியதை அப்படியே ஃபெண்டர் மேல் கவிழ்த்து வைத்திருக்கிறான், சந்தின் ஓரத்தில் அதன் பித்தளை விளிம்பு மட்டும் வெயிலில் மின்னுகிறது. மூடி. அதைப் பார்க்காமல் இருக்க வேண்டும். டிசம்பர் மாதம் சர்வீஸுக்கு விட்டபோது கம்பெனி ஷெட்டில் கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்த பையன் பட்டியலை வாசித்தான், பிரேக் பேட் சரி, பெல்ட் சரி, ரேடியேட்டர் மூடி மாத்தணும், கீழ் ஹோஸ் மாத்தணும். சாருக்குப் போன் போட்டார். “மூடி நல்லா இருக்குதில்ல? மூடுதில்ல? அப்புறம் என்ன? அத மாத்து இத மாத்துன்னு எழுதறதுதான் அவனுக பொழப்பு. வேண்டாம்னு சொல்லீரு.” “சரிங் சார்.” போனை வைத்தார். கண்ணாடி மேசை, நூலில் கட்டிய பேனா, நூல் சின்னது, குனிந்துதான். அதுக்கப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். அதுக்கப்புறம் மார்கழி. சொன்னவர் அவர்தானே. வேண்டாம் என்று சொன்னவர் அங்கே செண்ட் வாசனையோடு நிற்கிறார். இப்போது சொல்லலாம், நீங்கதானுங் சார் வேண்டாம்னீங்க. சொன்னால், அப்புறம் ஏண்டா தண்ணி குறையுதுன்னு சொல்லல என்று வரும். அதைச் சொல்ல இதைச் சொல்ல வேண்டும், இதைச் சொன்னால் அதையும் சொல்லியாக வேண்டும். நூல் சின்னது. முள் பாதியில் நிற்கிறது. கால் மரத்துப்போய்விட்டது, முட்டிக்குக் கீழே யாருடைய கால் என்றே தெரியவில்லை.

அப்போது தண்ணீர் விழுந்தது. விழுந்த சத்தம் டாஷ்போர்டுக்கு உள்ளேயிருந்து வந்தது, மடக்கென்று யாரோ ஒரு வாய் தண்ணீரை விழுங்கிய மாதிரி. “குடிச்சிருச்சு, குடிச்சிருச்சு! பாட்டில் காலி!” என்று பெனடிக்ட் கத்திக்கொண்டே ஊற்றினான். அடுத்த நிமிடம் முகத்தில் அடித்த காற்று மாறியது. முதலில் வெதுவெதுப்பு, அப்புறம் நெருப்பு. காய்ந்த தூசி வாசனை, பதினொரு வருடத் தூசி, கண்ணில் எரிச்சல், பாதத்தில் சூடு, இமை காய்ந்து ஒட்டியது. “சூடு வந்துருச்சுப்பா!” “நல்லா வருதா?” “பொசுக்குது!” “பொசுக்கட்டும், கால எடுத்துறாதீங்க!” சுகம் போயிற்று, அதனால் எல்லாம் நல்லபடியாகிவிட்டது. நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்காமல் உட்கார்ந்திருந்தார், தெய்வமே, வரட்டும், இந்தச் சூடு வந்துகொண்டே இருக்கட்டும். “கொறையுதுங்ண்ணா. சின்னதா வருது. கடுகாட்டம்.” முள் பாதிக்குக் கீழே இறங்கியது, எந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாலும் கீழேதான். திங்கட்கிழமை தமிழ். புதன்கிழமை இங்கிலீஷ். “நின்னுருச்சு” என்றான் பெனடிக்ட். காளியப்பன் காலை எடுக்கப் போனார். “இருங்க. இல்ல. ஒண்ணு வந்துது.” வேப்பங்கிளையில் ஒரு காகம் இடம் மாறி உட்கார்ந்தது. “இன்னொண்ணு. ரொம்ப நேரம் உட்டு ஒண்ணு ஒண்ணா வருதுங். மிச்சக் காத்தாவும் இருக்கலாம். கேஸ்கட்டு இப்பத்தான் தொடங்கறதாவும் இருக்கலாம்.”

“அப்பக் கெளம்பலாமில்ல?” என்றார் சார். பெனடிக்ட் பானெட்டின் பக்கவாட்டில் வந்து நின்றான், முதல் முறையாக முழு முகமும் தெரிந்தது, வெயிலில் கண்ணைச் சுருக்கியிருந்தான். “இன்னைக்கு ஒரு நாள்தான் தண்ணி போச்சுன்னா மிச்சக் காத்துதானுங் சார், தாராளமாப் போலாம். நாள் கணக்கா கொறைஞ்சிட்டு இருந்துச்சுன்னா நான் ஹெட்டக் கழட்டிப் பாக்காம மலைக்கு அனுப்ப மாட்டேன். அத எஞ்சின் சொல்லாது. அண்ணந்தான் சொல்லணும்.” எல்லாம் அவன் விரலிலிருந்து கழன்று இவர் வாய்க்கு வந்துவிட்டது. “அவந்தான் இன்னைக்குத்தான்னு சொன்னானே!” என்றார் சார், அந்தக் குரலில் காளியப்பன் பதினொரு வருடமாகக் கேட்காத ஒன்று இருந்தது, அவர் வார்த்தையைச் சாட்சிக்குக் கூப்பிடுகிற குரல். தலையாட்டினால் போதும். தலையாட்டக்கூட வேண்டாம், சும்மா இருந்தால் போதும். மேலே போகட்டும். ஏழாவது வளைவிலோ எட்டாவது வளைவிலோ வெடிக்கட்டும், தண்ணி பாக்கற டிரைவரு, சிரிக்கட்டும் அப்போது சம்பந்தி. டீக்கடையில் குழந்தை அழத் தொடங்கியது. கழுத்தைத் திருப்பினார், காலரில் எச்சில் காய்ந்து மொடமொடவென்று விறைத்துத் தோலில் குத்தியது. ஹீட்டர் காய வைத்துவிட்டது. சனியன் பிடித்த குழந்தை. வலது பக்கம் ஒன்றும் இல்லை, அந்த மூன்றாம் வளைவில், வெறும் வெளி. “கடைசியாக் கேக்கறேங்ண்ணா. இன்னைக்குத்தானா?”

“இல்ல” என்றார். “மூணு மாசமா.” காலை எடுத்தார். எஞ்சின் தணிந்தது. சார், “என்ன மூணு மாசம்?” என்றார். “தண்ணி கொறையுதுங் சார். மொதல்ல அர டம்ளரு. இப்பத் தெனமும் ஒரு லிட்டரு. நான் ஊத்தீட்டு இருந்தேனுங்.” “மூணு மாசமா?” “ஆமாங்.” “என்ற வண்டிய மூணு மாசமா ஏமாத்தி ஓட்டீட்டு இருந்திருக்கற. குழந்தய வெச்சுட்டு.” பெனடிக்ட் ஃபெண்டர் மேலிருந்த மூடியை எடுத்து வெயிலில் திருப்பினான், அடி ரப்பரை நகத்தால் தொட்டான், கறுத்த பொடியாக உதிர்ந்தது. “அண்ணன் மேல மட்டும் சொல்லாதீங் சார். இது பூட்டவே இல்லீங். இது வழியாத்தான் தண்ணி போயிருக்குது, இது வழியாத்தான் காத்தும் உள்ள வந்திருக்குது. வண்டி வாங்குனப்ப இருந்த மூடி. சர்வீஸ்ல மாத்தச் சொல்லியிருப்பாங்களே?” சார் காளியப்பனின் பக்கம் திரும்பினார். “சொன்னாங்களா?” அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. மறந்தவன் முகமா, மறக்காதவன் முகமா, பதினொரு வருடம் கண்ணாடியில் பார்த்த முகம், தெரியவில்லை. வாய் திறந்தது. நூல் சின்னது, குனிந்துதான். “தெரியலீங்” என்றார். “சாவி.” “அதுலயேதான் இருக்குதுங்.” இறங்கினார், வலது கால் தரையில் நிற்கவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டார். “ஞாயித்துக்கெழமக்குள்ள ரூமக் காலி பண்ணீரு.” “திங்கக்கெழம புள்ளைக்குப் பரீட்சைங் சார்.” “அத மூணு மாசம் முன்னால நெனச்சிருக்கோணும்.”

அவர்கள் ஒரு வாடகைக் காரில் மேலே போனார்கள். காளியப்பன் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அந்த எஞ்சினின் தலையைக் கழற்றினார்களா, உள்ளே என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மௌனிகா காரமடையில் சித்தி வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்ப் பரீட்சை எழுதினாள்.

இதை எழுதும்போது மாதங்களைச் சரிபார்க்க வேண்டும் என்று அவளிடம் அந்த டிசம்பர் சர்வீஸ் தாள் இருக்குமா என்று கேட்டேன். வண்டியின் கோப்பில் இருக்க வேண்டிய மஞ்சள் நகல் அவள் அப்பாவின் தகரப் பெட்டியில் இருந்தது, போட்டோ எடுத்து அனுப்பினாள். தேதி பன்னிரண்டு. ரேடியேட்டர் மூடி என்ற வரிக்கு எதிரே ‘வேண்டாம் என்றார்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. அடியில் தமிழில் ‘ந. காளியப்பன்’ என்று கையெழுத்து. போனில் யார் என்ன சொன்னார் என்பதற்குத் தாளில் இடம் இல்லை. நூலில் கட்டிய பேனாவை நான்தான் சேர்த்தேன், இந்தத் தாளைப் பார்த்த பிறகு. கையெழுத்துக்குக் கீழே கோடு போட்டு அச்சடித்திருந்த வார்த்தையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டியின் உரிமையாளர் என்று இருந்தது.